மேசைக்கு வெளியே நின்றவர்கள்

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி கோலாலம்பூரில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட எல்லா ஏற்பாடுகளும் முடிந்திருந்தன. பிலிப்பைன்ஸ் அரசின் பேச்சுக் குழு வந்து சேர்ந்திருந்தது. தென் பிலிப்பைன்சில் ஆயுதம் ஏந்திப் போராடி வந்த மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியின் குழுவும் வந்திருந்தது. சாட்சியாக இருக்க வெளிநாட்டுத் தூதர்களும் அழைக்கப்பட்டிருந்தனர். ஆவணத்தில் இரு தரப்பும் முன்னதாகவே சுருக்கொப்பம் வைத்துவிட்டன. ஆனாலும் அன்று கையெழுத்து விழவில்லை. அதற்கு முந்திய நாள் மணிலாவில் உள்ள உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துவிட்டது.

வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சில நாட்களிலேயே மின்டானோ தீவில் துப்பாக்கிகள் மறுபடியும் வெடித்தன. மோரோ தளபதிகள் சிலர் கிறிஸ்துவர்கள் வாழும் ஊர்களைத் தாக்கினர். இராணுவம் அவர்களைத் துரத்திச் சென்றது. இடையில் சிக்கிய பல இலட்சம் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர்.

ஏழு ஆண்டுகள் பேசிச் சேர்த்தது ஒரே நாளில் கலைந்து போனதற்கு யார் காரணம்? மேசையின் இரு பக்கமும் இருந்தவர்கள் இணங்கித்தான் இருந்தார்கள். வழக்குப் போட்டவர்கள் மேசைக்கு வெளியே நின்றவர்கள். வட கோத்தபாத்தோ மாகாணத்தின் அரசியல்வாதிகள், சம்போவாங்கா நகரத்தின் தலைவர்கள் ஆகியோர் நீதிமன்றத்தின் படியேறினர். தங்கள் ஊர்களைப் புதிய மோரோ நிலப்பரப்பில் சேர்க்கும் விஷயத்தில் தங்களை யாரும் கேட்கவில்லை என்பது அவர்களின் முறையீடு. அக்டோபர் 14ஆம் தேதி நீதிமன்றம் 8க்கு 7 என்ற கணக்கில் தீர்ப்பு வழங்கியது. மக்களைக் கலந்து பேசாமல் செய்யப்பட்ட ஏற்பாடு இது, அரசியல் சட்டத்துக்கும் ஒவ்வாதது என்று அது தள்ளுபடி செய்யப்பட்டது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்!

உள்நாட்டுப் போரை முடிப்பது என்றால் எதிரிகள் இருவரை ஓர் அறையில் உட்கார வைப்பதுதான் பெரிய காரியம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி வேலைதான். அறைக்குள் வராதவர்களிடம் அந்த உடன்பாட்டைக் கொண்டு போய்ச் சேர்ப்பது மறு பாதி. மின்டானோவில் இந்தப் பாடம் மெல்ல மெல்லக் கற்கப்பட்டது. இலங்கையில் அரை நூற்றாண்டு கடந்தும் கற்கப்படவில்லை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இலங்கைச் செய்திக்காகக் காலை நாளிதழைப் பிரிக்கும் தமிழர்கள், தங்கள் ஊரிலேயே நடந்த இந்தப் பேச்சைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது.

கோலாலம்பூர் எப்படி நடுவில் வந்தது?

மின்டானோவும் அதை ஒட்டிய சூலு தீவுகளும் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சியில் இருந்த பகுதிகள். அமெரிக்கர் ஆட்சியிலும் பிறகு சுதந்திர பிலிப்பைன்சிலும் வடக்கிலிருந்து கிறிஸ்துவக் குடியேறிகள் கொண்டு வரப்பட்டனர். நிலம் கை மாறியது. மோரோக்கள் தங்கள் மண்ணிலேயே சிறுபான்மையானார்கள். 1972இல் அதிபர் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைக் கொண்டு வந்ததும் போர் முழு அளவில் மூண்டது. நாற்பது ஆண்டுகளில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் பேர் வரை மாண்டதாகப் பரவலாகக் கணக்கிடப்படுகிறது.

இடையே உடன்பாடுகள் வராமல் இல்லை. 1976இல் லிபியாவின் திரிப்போலியில் ஒன்று, 1996இல் ஜகார்த்தாவில் முடிவான இன்னொன்று. இரண்டும் நூர் மிசுவாரியின் மோரோ தேசிய விடுதலை முன்னணியோடு செய்தவை. அவரிடமிருந்து பிரிந்து ஹாஷிம் சலாமாட் அமைத்த மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி அவற்றில் சேரவில்லை. ஒரு குழுவோடு ஒப்பந்தம் போட்டால் இன்னொரு குழு காட்டில் மிஞ்சும். இதுவும் மேசைக்கு வெளியே நிற்போரின் கதைதான்.

2000ஆம் ஆண்டில் அதிபர் எஸ்ட்ராடா 'முழுப் போர்' அறிவித்து முன்னணியின் தலைமை முகாமைப் பிடித்தார். முகாம் போனது, போர் போகவில்லை. மறு ஆண்டு பதவிக்கு வந்த குளோரியா அரோயோ, அப்போதைய மலேசியப் பிரதமர் டாக்டர் மகாதீரின் உதவியை நாடினார். 2001 மார்ச் 24ஆம் தேதி கோலாலம்பூரில் பேச்சை மீண்டும் தொடங்குவதற்கான உடன்பாடு கையெழுத்தானது.

மலேசியா தீர்ப்புச் சொல்லும் நடுவராகப் போகவில்லை. பேச்சு நடக்க வழி செய்து கொடுப்பது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் பிடித்து வைப்பது, கோபித்துக் கொண்டு எழுந்து போனவரை மறுபடியும் அழைத்து வருவது ஆகியவைதான் அதன் வேலை. 2004இல் மலேசியாவின் தலைமையில் அனைத்துலகக் கண்காணிப்புக் குழு மின்டானோவில் இறங்கியது. புருணை, லிபியா ஆகிய நாடுகளும் அதில் இருந்தன. ஒரு வயலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யார் முதலில் சுட்டது என்று போய்ப் பார்க்க ஆள் இருந்தது. சின்னச் சண்டைகள் பெரிய போராக வளராமல் தடுத்ததில் இந்தச் சாதாரண வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

மலேசியாவுக்கு இதில் சொந்த நலன் இல்லை என்று சொன்னால் அது பொய். சபா கடலுக்கு அப்பால்தான் சூலு. சபா மீதான உரிமைக் கோரிக்கையை மணிலா முழுதாகக் கைவிட்டதில்லை. 1968இல் சபாவுக்குள் ஊடுருவ மோரோ இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு அவர்களையே கொரெகிடோர் தீவில் சுட்டுக் கொன்ற 'ஜபிடா' சம்பவம்தான் மோரோ கிளர்ச்சிக்குப் பொறி வைத்தது. போரில் தப்பி ஓடி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சபாவில் குடியேறினர். அண்டை வீடு எரிந்தால் புகை தன் வீட்டுக்குள் வரும் என்று அறிந்தவன் தண்ணீர் கொண்டு போகிறான். அதில் தவறில்லை. எந்த நலனும் இல்லாத தூரத்து நாடு பதின்மூன்று ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்திருக்குமா என்பதும் யோசிக்க வேண்டிய கேள்வி.

தோல்விக்குப் பிறகு மாறியது என்ன?

2008இல் மலேசியாவும் சலித்துப் போய்த் தன் கண்காணிப்பாளர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனால் மேசை மடக்கப்படவில்லை. 2009இல் பேச்சுக்குத் துணையாக ஒரு தொடர்புக் குழு அமைக்கப்பட்டது. பிரிட்டன், ஜப்பான், துருக்கி, சவூதி அரேபியா ஆகிய அரசுகளோடு அனைத்துலகத் தொண்டு அமைப்புகளும் அதில் ஒன்றாக உட்கார்ந்தன. 2010இல் கண்காணிப்பாளர்கள் மின்டானோவுக்குத் திரும்பினர். 2011 ஆகஸ்டில் அதிபர் பெனிக்னோ அக்கினோ, முன்னணியின் தலைவர் முராட் இப்ராகிமை ஜப்பானில் நேரில் சந்தித்துப் பேசினார்.

இந்த முறை குறுக்கு வழி தேடவில்லை. 2012 அக்டோபர் 15ஆம் தேதி மணிலாவில், அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக் முன்னிலையில், சட்டக உடன்பாடு கையெழுத்தானது. அதில் எல்லாம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. நான்கு இணைப்புகள் எழுத வேண்டியிருந்தது: இடைக்கால ஏற்பாடு, வருவாய்ப் பங்கீடு, அதிகாரப் பங்கீடு, இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புதல். 2013 பிப்ரவரியிலிருந்து 2014 ஜனவரி வரை நான்கும் கோலாலம்பூரில் ஒவ்வொன்றாக முடிவாயின. 2013 தொடக்கத்தில் சூலு ஆட்கள் ஆயுதங்களோடு லாகாட் டத்துவில் இறங்கி உயிர்ப் பலி ஏற்பட்ட நாட்களிலும் இந்தப் பேச்சு முறியவில்லை. விரிவான உடன்பாடு 2014 மார்ச் 27ஆம் தேதி மணிலாவில் கையெழுத்தானது. அரசுத் தரப்புக்குத் தலைமை ஏற்றுக் கையெழுத்திட்டவர் மிரியம் கொரொனெல் பெரர் என்ற பெண்மணி, ஒரு பேராசிரியை.

உடன்பாட்டின் எழுத்தைக் கொஞ்சம் பார்த்தால் அதன் போக்கு புரியும். மத்திய அரசின் அதிகாரம் எது, பங்சாமோரோ வட்டாரத்தின் அதிகாரம் எது, இருவருக்கும் பொதுவானது எது என்று மூன்று பட்டியல்கள். உலோகக் கனிமங்களின் அரசு வருவாயில் வட்டாரத்துக்கு 75 விழுக்காடு, எண்ணெய், எரிவாயு போன்றவற்றில் சரி பாதி. 'நியாயமான பங்கு' என்ற வழவழப்பான சொல்லுக்குப் பதில் கணக்கு இருந்தது. ஆயுதக் குறைப்பும் அப்படியே. முதலில் துப்பாக்கியைப் போடு, பிறகு உரிமை பற்றிப் பேசலாம் என்றால் எந்தப் போராளியும் வர மாட்டான். முதலில் எல்லா உரிமையும் கொடு, பிறகு துப்பாக்கியைப் பார்க்கலாம் என்றால் எந்த அரசும் இணங்காது. ஆகவே அரசியலில் ஒரு படி ஏறினால் ஆயுதத்தில் ஒரு படி இறங்குவது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்.

மேசைக்கு வெளியே நின்றவர்களுக்கும் இப்போது வாசல் வைக்கப்பட்டது. உடன்பாடு நேராக நடைமுறைக்கு வராது. ஓர் இடைமாற்ற ஆணையம் சட்ட முன்வரைவை எழுதும், நாடாளுமன்றம் அதை விவாதித்து நிறைவேற்றும், கடைசியில் அந்தந்த ஊர் மக்களே வாக்களித்துச் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். 2008இல் வழக்குப் போட்டவர்கள் கேட்டது இதைத்தான்.

மமசபானோ

சோதனை உடனே வந்தது. 2015 ஜனவரி 25ஆம் தேதி மமசபானோ என்ற சிற்றூரில் ஒரு பயங்கரவாதியைப் பிடிக்கச் சென்ற போலீஸ் சிறப்புப் படையினர் 44 பேர் கொல்லப்பட்டனர். போர்நிறுத்தம் நடப்பில் இருந்த இடத்துக்குள், முன்னணிக்குத் தெரிவிக்காமல் அவர்கள் நுழைந்திருந்தனர். மோரோ போராளிகளிலும் பொதுமக்களிலும் பலர் மாண்டனர். அவர்கள் தேடிப் போன மார்வான், ஜொகூர் மூவாரைச் சேர்ந்த ஒரு மலேசியர் என்பது இதில் இன்னொரு கசப்பு.

நாடு கொதித்தது. 44 சவப்பெட்டிகளைப் பார்த்த பிறகு சட்டத்துக்குக் கை தூக்க எந்த நாடாளுமன்ற உறுப்பினருக்குத் துணிவு வரும்? மசோதா கிடப்பில் விழுந்தது. ஆனால் போர் திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூனில் முதல் தொகுதியாக 145 போராளிகள் 75 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். 2018இல் அதிபர் டுட்டெர்டே காலத்தில் சட்டம் நிறைவேறியது. 2019 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மக்கள் வாக்களித்தனர். பங்சாமோரோ தன்னாட்சி வட்டாரம் பிறந்தது. நாற்பது ஆண்டுகள் காட்டில் இருந்த முராட் இப்ராகிம் அதன் இடைக்கால முதலமைச்சரானார்.

இதைப் பூமாலை போட்ட கதையாக முடிக்க முடியாது. அந்த வாக்கெடுப்பில் சூலு மக்கள் வேண்டாம் என்றார்கள், ஆனாலும் சேர்க்கப்பட்டார்கள். 2024இல் உச்ச நீதிமன்றம் சூலுவை வெளியே எடுத்தது. 2022இல் நடக்க வேண்டிய முதல் தேர்தல் 2025க்குத் தள்ளப்பட்டு, அந்த ஆண்டிலும் நடக்காமல் போனது. 2025 மார்ச்சில் முராட்டுக்குப் பதில் வேறொருவரை அதிபர் நியமித்தார். நாற்பதாயிரம் போராளிகளில் இருபத்தாறாயிரம் பேர் வரை ஆயுதம் துறந்த நிலையில், வாக்களித்த வாழ்வாதார உதவி வந்து சேரவில்லை என்று முன்னணி 2025 ஜூலையில் மீதி 14,000 பேரை நிறுத்தி வைத்தது. முடிச்சு இரு பக்கமும் இழுக்கும் என்பதற்கு இது உதாரணம். சண்டை இருக்கிறது. அது நீதிமன்றத்திலும் கணக்குப் புத்தகத்திலும் நடக்கிறது.

பாலிங் முதல் ஹாட்யாய் வரை

மற்றவர் வீட்டுக்குப் பஞ்சாயத்து செய்யப் போன மலேசியாவின் சொந்த வீட்டிலும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கும் அரசுக்கும் நடுவில் அகப்பட்டவர்களில் ரப்பர்த் தோட்டத் தமிழர்களும் உண்டு. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் கெடா, பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் நேருக்கு நேர் பேசினார்கள். அது தோற்றது. ஒப்பந்தம் வர மேலும் 34 ஆண்டுகள் பிடித்தன: 1989 டிசம்பர் 2, தாய்லாந்தின் ஹாட்யாய் நகரம்.

ஆயுதங்கள் அழிக்கப்பட்டன, பலர் ஊர் திரும்பினர். ஆனால் சின் பெங்கை நாட்டுக்குள் விடவில்லை. 2013இல் பேங்காக்கில் அவர் மாண்டார். 2019இல் அவருடைய சாம்பல் ரகசியமாகப் பேராவுக்குக் கொண்டு வரப்பட்டது தெரிந்ததும் முன்னாள் படைவீரர்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கணவனையும் தகப்பனையும் பறிகொடுத்த போலீஸ்காரர் குடும்பங்களை ஹாட்யாய்க்கு யாரும் அழைக்கவில்லை. அரசுகள் கைகுலுக்கின. வீடுகளில் பேச்சே நடக்கவில்லை.

ஈப்போவில் பிறந்தவரின் ஒப்பந்தம்

இனி இலங்கை. ஈழத் தமிழர் 'தந்தை செல்வா' என்று போற்றும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1898இல் பிறந்தது ஈப்போவில். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவிலைச் சுற்றியும் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கருதியதில் வியப்பில்லை.

1957 ஜூலையில் அவரும் பிரதமர் பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வட்டார சபைகள், தமிழுக்கு நிர்வாக இடம், குடியேற்றத்தில் கட்டுப்பாடு. மேசையில் இருந்த இருவருக்கும் மனம் இருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் புத்த பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தனர். ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்ததும் எதிர்ப்பில் கரைந்தது. 1987இல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டன. தமிழர் தரப்பு அதில் கையெழுத்தே போடவில்லை. அதன்படி இணைக்கப்பட்ட வடக்கையும் கிழக்கையும் 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது.

2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று கொண்டு வந்த போர்நிறுத்தம்தான் எல்லோரும் நம்பியது. பிரதமர் ரணில் விக்ரமசிங்கேயும் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கையெழுத்திட்டனர். அதிபர் சந்திரிகா எதிர் முகாம். அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆறு சுற்றுகள் பேசினார்கள். ஆஸ்லோவில் கூட்டாட்சி பற்றி ஆராய்வதாகச் சொன்னார்கள். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினர். அக்டோபர் இறுதியில் அவர்கள் இடைக்கால நிர்வாகத் திட்டத்தை வைத்த சில நாட்களில் அதிபர் மூன்று அமைச்சுகளைப் பிரதமரிடமிருந்து பறித்துக்கொண்டார். சுனாமிக்குப் பிறகு உதவியைப் பங்கிட 2005 ஜூனில் ஒரு பொது அமைப்பு உண்டாக்கப்பட்டது. மறு மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. மணிலாவில் 2008இல் நடந்தது கொழும்பில் மூன்று ஆண்டுகள் முன்பே நடந்தது. வித்தியாசம் என்னவென்றால், கொழும்பில் அதற்குப் பிறகு யாரும் மேசைக்குத் திரும்பி, தடுத்தவர்களையும் உள்ளே கொண்டு வரும் வழியைத் தேடவில்லை. கண்காணிப்புக் குழுவும் 2006இல் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தங்களைத் தடை செய்ததால், அதன் உறுப்பு நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கோரினர். 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்தை முறித்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்தது உலகறிந்தது.

தமிழர் தரப்பும் சிலரை வெளியே நிறுத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். தமிழ் பேசும் அந்த மக்களுக்குப் பிற்காலப் பேச்சுகளில் தனி நாற்காலி கிடைக்கவில்லை. மின்டானோவில் கிறிஸ்துவர்களும் மலைவாழ் மக்களும் கேட்ட அதே கேள்வியைக் கிழக்கு மாகாண முஸ்லிம்கள் கேட்டார்கள்: எங்களைக் கேட்டீர்களா?

கோலாலம்பூருக்கு இந்தக் கதையிலும் ஓர் இடம் உண்டு. போர் முடிந்தபின் புலிகளின் தலைமைப் பொறுப்பை ஏற்று, இனி அரசியல் வழி என்று அறிவித்த செ. பத்மநாதன் 2009 ஆகஸ்டில் இந்நகரில் பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஓராண்டுக்கு முன் மோரோக்களுக்காக மேசை போட்ட நகரம் அது.

போர் ஒரு தரப்பின் வெற்றியில் முடிந்தால் பேச வேண்டிய அவசியம் இல்லை என்று வென்றவர் எண்ணுகிறார். 2010இல் கற்ற பாடங்கள், நல்லிணக்க ஆணைக்குழு, 2016இல் காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் என்று பெயர்கள் வந்தன. வவுனியா, கிளிநொச்சித் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் தெருவோரத்தில் தொடர் போராட்டம் நடத்தி வருகிறார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அலுவலகத்தில் கோப்பு எண் கிடைக்கிறது. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்த விஷயத்தில் மின்டானோவும் மெச்சத்தக்கதாக இல்லை. அங்கே ஓர் ஆணையம் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் மக்களின் துயரத்தைக் கேட்டு, 2016இல் அறிக்கை கொடுத்தது. பரிந்துரைகளில் பெரும்பாலானவை செயலுக்கு வரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இலங்கைத் தமிழருக்காகக் கூட்டம் போடுகிறவர்களும் ஒரு வகையில் மேசைக்கு வெளியே நிற்பவர்கள்தான். அவர்களுடைய குரல் யாரைப் போய்ச் சேர வேண்டும் என்பது கேள்வி. கொழும்பு அரசுக்கு மனுக்கள் நிறையவே போயிருக்கின்றன. காலியிலோ மாத்தறையிலோ இருக்கும் ஒரு சாதாரணச் சிங்களக் குடும்பத்துக்கு, தன் மகனும் போரில் மாண்டிருக்கக்கூடிய ஒரு வீட்டுக்கு, வடக்கிலுள்ள தாயின் கேள்வியைக் கொண்டு போகும் வேலை ஏறக்குறைய நடக்கவே இல்லை. கிழக்கு மாகாண முஸ்லிம்களோடு பேசும் வேலையும் அப்படித்தான். அந்த வாசலைத் திறக்காத வரை கொழும்பில் எந்தப் பிரதமர் கையெழுத்திட்டாலும் 1958ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

13ஆவது சட்டத் திருத்தம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதில் எழுதிய நிலம், போலீஸ் அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு வந்ததில்லை. வட மாகாண சபையின் தவணை 2018 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் அன்று முதல் தள்ளிக்கொண்டே போகிறது.